ஜெசியின் படத்தில் ஒட்டிய கண்கள்

மகனே,

பல்கலைக்கழகத்திலிருந்து உன் கம்பனிக்குப் போன கடிதத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நீ விசாரித்துக்கொண்டு திரிவதாக அம்மா சொன்னாள். விசாரிக்க வேண்டாம். நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து உன் தங்கச்சியைப் பேசிய பேச்சைக் குசினி வாசலில் நின்று கேட்டேன். "என்ர வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டாய், இப்ப உனக்குச் சந்தோசமோ?" என்று கத்தினாய். அவள் கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. நீ போனை வைத்த பிறகு, "அண்ணா நல்லாக் களைச்சுப் போனார் போல" என்று மட்டும் சொன்னாள். அந்த அடி அவளுக்கு விழ வேண்டியதல்ல. உன் மெல்பேர்ண் பயணம் நின்றது என்னால். உன்னைப் பெற்ற தகப்பன் பஸ் ஏறிப் போய், ஓர் அலுவலகத்தில் இருந்து, உன் பெயரைச் சொல்லி உன்னைக் காட்டிக்கொடுத்தான். அதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தை ஆறுதலாக வாசி.

ஜெசி பிறந்தது சண்டைக்காக வெளியூர்ப் பாதை பூட்டியிருந்த காலத்தில். அப்போது உனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "என்ன வடிவான பெரிய கண்." உன் அம்மா கண்ணூறு படும் என்று கன்னத்தில் பொட்டு வைத்தாள். நானும் அந்தப் பெரிய கண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். சண்டை முடிந்து முகாமுக்கு வந்த பிறகு வவுனியா ஆசுபத்திரியில் ஒரு டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடித்தான் கண் அப்படிப் பெருத்தது என்றார். பிறந்த கையோடு கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். நாங்கள் பெருமைப்பட்டது நோயைப் பார்த்துத்தான். பிறகு ஒரு கண் சுருங்கி உள்ளே போனது. மற்றதில் வெள்ளை படர்ந்து, இமை பாதிக்கு மேல் திறக்காமல் நின்றுவிட்டது. அவளுடைய முகம் அதுதான். அந்த முகத்தோடுதான் அவள் யாழ்ப்பாணத்து விடுதியில் இருந்து படித்தாள், உயர்தரப் பரீட்சை எழுதினாள், உன்னையும் என்னையும் விட நல்ல இங்கிலீசு பேசினாள்.

நீ கெட்டவனாகப் பிறந்தவன் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது, உன் சட்டையின் பின் நுனியை அவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு பெடியன் அவளைக் "குருடி" என்றதற்கு அவன் காதைக் கடித்து, இரத்தம் வரப் பண்ணிவிட்டு வந்தாய். நான் உன்னை அடித்தேன். அடித்துவிட்டுக் கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். பிறகு நீ கொம்பியூட்டர் படிக்கப் போனாய். ஒரு நத்தார் விடுமுறைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு போன் கொண்டுவந்து, அது தானாகப் பேசும்படி செய்துகொடுத்தாய். விரலை எங்கே வைத்தாலும் அங்கே இருப்பதை அது வாசித்தது. எங்கே தட்டுவது, எங்கே இழுப்பது என்று முற்றத்தில் பாய் போட்டு இருத்திச் சொல்லிக்கொடுத்தாய். நீ திரும்பிப் போக முன்னமே அவள் உன்னை விட வேகமாகப் பழகிவிட்டாள். ஆகவே, பார்வை இல்லாதவர்கள் எப்படி ஒரு போனைப் பாவிப்பார்கள் என்று தெரியாது என்று நீ யாருக்கும் சொல்ல முடியாது. உலகத்தில் வேறு எவன் சொன்னாலும் நம்புவேன். நீ சொல்ல முடியாது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளத்தைச் செய்யும் வேலை உன் கம்பனிக்குக் கிடைத்து, உன்னையே அதற்குப் பொறுப்பாகப் போட்ட அன்று வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னாய். இனிமேல் கடதாசி விண்ணப்பம் இல்லை, மொழிபெயர்ப்புப் படிப்புக்கு அவர்கள் வைக்கும் பரீட்சைக்குக்கூட இணையத்தில்தான் விண்ணப்பிக்கலாம் என்றாய். அம்மா தேத்தண்ணியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து கேட்டாள். ஜெசி எட்டி போனை வாங்கி, "அண்ணா, என்ர போன் அதை வாசிக்குமோ?" என்று கேட்டாள். "ஓம் ஓம், அதெல்லாம் பாப்பம்" என்றாய். மொழிபெயர்ப்புத்தான் அவள் படிக்க விரும்பியது என்பது உனக்குத் தெரியும். அவள் ஆசையாகக் கேட்கவில்லை. தனக்குத் தேவையானதைத்தான் கேட்டாள்.

விண்ணப்பம் திறந்த அன்று அவள் வெள்ளாப்பிலேயே குளித்துவிட்டு, மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். போன் பேசத் தொடங்கியது. "பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான். பொத்தான்." நான் சிரித்துவிட்டேன், ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. "அப்பா, எந்தப் பொத்தான் எண்டு எழுதாமல் விட்டிருக்கினம். கண் தெரிஞ்ச ஆக்களுக்குப் படம் தெரியும். எனக்குப் பொத்தான் எண்டு மட்டும்தான் வரும்" என்றாள். ஒவ்வொன்றாக அமத்தி, தப்பாகப் போனால் திரும்பி வந்து, எது எது என்று மனத்தில் பதித்துக்கொண்டாள். பாதியில் நேரம் முடிந்துவிட்டது என்று எல்லாம் அழிந்துபோகும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள். பிறந்த திகதி போடுகிற இடத்தில் ஒரு நாட்காட்டி வருமாம், அது அவளுடைய போனோடு பேசவே இல்லை. வெயில் மரத்தைச் சுற்றி வந்து அவள் மடியில் விழுந்தது. அம்மா சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள், அவள் தொடவில்லை. ஒரு வசையும் அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் படம் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டாள். அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருந்தது. அதைப் போட்டாள். போன் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் போட்டாள். மறுபடியும் பேச்சில்லை. "அப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ, ஏதாவது எழுத்து வருதோ?" என்றாள். எழுந்து போய்ப் பார்த்தேன். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இங்கிலீசில் ஒரு வரி. எனக்கு இங்கிலீசு வாசித்து விளங்காது, எழுத்துத் தெரியும். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வை, ஓ, யூ, ஆர் என்று தொடங்கி, பாடசாலைப் பிள்ளை மாதிரி, என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் சத்தமாகச் சொன்னேன். பாதியிலேயே அவள், "காணும் அப்பா, விடுங்கோ" என்றாள். நான் விடவில்லை, மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். "என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "கண்ணைத் திறக்கட்டாம்" என்றாள்.

மகனே, அந்த வரியை எழுதியவன் நீ. அதை என் வாயால் அவளுக்குச் சொல்ல வைத்தவனும் நீ.

உதவிக்கென்று போட்டிருந்த இலக்கத்துக்கு அடித்தாள். அது உங்கள் கம்பனிக்குத்தான் போனது. படம் தெளிவாக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும் என்று பதிந்து வைத்த குரல் ஒன்று சொல்லிவிட்டு அறுந்தது. பிறகுதான் உன்னைப் போனில் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டு. நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தோம். "அது சிஸ்டம் தானாப் பாக்கிறது ஜெசி. கண் திறக்காட்டி எடுக்காது" என்றாய். "அண்ணா, என்ர கண் திறக்காது" என்றாள், ஏதோ உனக்குப் புதிதாகச் சொல்வது போல. "அதை நிப்பாட்ட ஏலாதோ?" நீ மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "எல்லாம் ரெஸ்ற் பண்ணிச் சரிபாத்து முடிச்சு அவையிட்டக் குடுத்தாச்சு. ஒருத்தருக்காக மாத்த ஏலாது. ஸ்ரூடியோவில போய்ப் படத்தில கண்ணை எடிற் பண்ணிப் போடு. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம், ஒருத்தரும் பாக்கப் போறேல்ல." பரீட்சையில் தனக்கு எழுதித்தர ஆள் வேண்டுமென்று எங்கே கேட்பது என்றும் கேட்டாள். அங்கே போய்ச் சொன்னால் கொடுப்பார்கள் என்றாய். உண்மையில் அதைக் கேட்க அந்தத் தளத்தில் ஒரு பெட்டி இருந்ததாம், உடற்குறை உள்ளவர்கள் அடையாளமிட. அதைப் படமாக வைத்திருந்தபடியால் அவளுடைய போன் அதை வாசிக்கவே இல்லை. குருடருக்கு வைத்த கதவைக் குருடர் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறாய்.

ஸ்ரூடியோவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முல்லைத்தீவு ரவுணில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட. கடைக்காரன் நல்ல மனிதன், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளை இருத்திப் படம் எடுத்துக் கொம்பியூட்டரில் போட்டான். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, கலியாண வீட்டுப் படங்கள் கனக்கக் கிடக்கு. அதில கண் எடுக்கலாம். எந்தக் கண் பொருந்தும் எண்டு நீங்களே பாருங்கோ" என்றான். ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் கொண்டுவந்தான். மணப்பெண்கள், தோழிகள், மை பூசிய கண், பூசாத கண். சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி நான் என் மகளுக்குக் கண் பார்த்தேன். ஒன்றைக் காட்டி இது என்றேன். அவன் வெட்டி எடுத்து அவள் முகத்தில் வைத்து, ஓரங்களைத் தேய்த்து, நிறத்தைச் சரிப்படுத்தினான்.

அப்போது என்ன நடந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. திரையில் இருந்து அவள் என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என்னைப் பாராத பிள்ளை நேராக என்னைப் பார்த்தாள். உன் அம்மாவைக் கலியாணம் பேசப் போன அன்று பார்த்த அதே முகம். பாதை திறந்திருந்தால், டொக்டர் இருந்திருந்தால், இந்த முகம் எங்கள் வீட்டுக்குள் நடமாடியிருக்கும். நான் கன நேரம் நின்றுவிட்டேன் போல. பின்னால் கதிரையில் இருந்து அவள் கேட்டாள்: "அப்பா, வடிவா இருக்கிறனோ?" ஓம் என்றேன். அந்த ஓம் என்ற சொல்லில் இருந்ததை அவள் கேட்டிருப்பாள். குரலை வைத்தே ஆளை நிறுக்கிற பிள்ளைக்கு அது கேட்காமல் இருந்திருக்காது.

அந்தப் படத்தை உன் தளம் உடனே ஏற்றுக்கொண்டது. அனுமதி அட்டை வந்தது. பரீட்சையன்று விடிய முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டு, வவுனியாவில் வேறு பஸ் மாறிப் போனோம். மண்டப வாசலில் மேற்பார்வைக்கு நின்ற மிஸ் அட்டையைப் பார்த்தா, ஜெசியைப் பார்த்தா, திரும்பவும் அட்டையைப் பார்த்தா. "இது ஆர்?" என்று கேட்டா. "நான்தான் மிஸ்." "படத்தில இருக்கிற பிள்ளைக்குக் கண் இருக்கே?" வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஜெசி நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள், எழுதித்தர ஆள் வேண்டும் என்பதையும் சொன்னாள். அதுதான் இன்னும் பிழையாகிவிட்டது. கண் தெரியாதவள் என்று விண்ணப்பத்தில் இல்லை, படத்தில் கண் இருக்கிறது, இப்போது ஒருத்தி வந்து நின்று எனக்குப் பதிலாக ஆள் எழுத வேண்டும் என்கிறாள். அந்த மிஸ்ஸின் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். எங்களை ஓர் அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த அலுவலர் ஆள்மாறாட்டம் என்ற சொல்லைச் சொன்னார். பிறகு, தளத்தைச் செய்தவர்களிடம் கேட்போம் என்று போனை எடுத்து மேசையில் வைத்தார், எல்லாருக்கும் கேட்கும்படி.

போனை எடுத்தது நீ. உன் "ஹலோ" கேட்டதும் நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், மகனே. உண்மையாகச் சொன்னேன். இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அலுவலர் அவளுடைய பெயரை வாசித்தார், ஊரையும் வாசித்தார். கண் தெரியாத பிள்ளை ஒன்று வந்திருக்கிறது, அட்டையில் வேறு படம் என்றார். ஏதோ தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு சொன்னாய்: "படத்தைக் கொம்பியூட்டரில மாத்தியிருக்கு சேர். அது விண்ணப்பதாரி செய்தது. எங்கட சிஸ்டத்தில பிழை இல்லை." "அப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்று அவர் கேட்டார். "அது உங்கட விதிமுறைப்படி, சேர்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். ஜெசி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கும்படி பிடித்தாள். நீ போனை வைக்கும்வரை விடவில்லை.

அவளைப் பரீட்சை எழுத விடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஏன் தடுத்தாய் என்று கேட்டேன். "அண்ணன் தங்கச்சி சேர்ந்து கள்ள வேலை செய்திருக்கினம் எண்டுதான் நினைச்சிருப்பினம்" என்றாள். பிறகு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணா என்னைத் தெரியாத மாதிரிக் கதைக்கேல்ல அப்பா. நல்லாத் தெரிஞ்சு கதைச்சவர்" என்றாள். அன்றிரவு நீ போன் எடுத்தாய். அவளிடம் இல்லை, அம்மாவிடம். பக்கத்தில் கம்பனிப் பெரியவர்கள் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றாயாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அவன், என்ன செய்வான்" என்றாள். அவள் உன்னை அப்படித்தான் கெடுத்தாள். நான் கெடுக்கவில்லை என்று சொல்லவரவில்லை, அன்றைக்கு உன்னை எடுத்து ஏசாமல் நானும் படுத்துவிட்டேன்.

உன் தங்கச்சி படுக்கவில்லை. தன்னோடு விடுதியில் படித்தவர்களைப் போனில் பிடித்தாள். மட்டக்களப்பில் ஒருத்தி, மன்னாரில் ஒருவன், இப்படிப் பலருக்கு அதே தளத்தில் அதே இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது. சிலர் அயலவரைக் கொண்டு நிரப்பி, கேட்காத பாடம் விழுந்து அழுதிருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்கள். அவர்கள் உன் கம்பனியைத் திருத்தச் சொன்னார்கள். உன்னோடு வேலை செய்யும் சிங்களப் பிள்ளை ஒருத்தி ஜெசியைப் போனில் எடுத்து, அவளுடைய போன் எந்த இடத்தில் என்ன வாசிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். பின்னேரங்களில் இரண்டு பேரும் இங்கிலீசில் பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்கும். பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. நேரம் முடிகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிற்று, இன்னும் வேண்டுமா என்று கேட்டது. கண் திறந்திருக்க வேண்டும் என்ற வரியை அந்தப் பிள்ளை எடுத்துவிட்டாள். நீ ஏலாது என்று சொன்னதை அவள் ஒரு மத்தியானத்தில் செய்தாளாம். நீ யாருடைய அண்ணன் என்று ஜெசி அவளிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

பிறகு உன் கம்பனி, எல்லாருக்குமான விண்ணப்பத் தளம் என்று தன் பக்கத்தில் எழுதி, பொறுப்பாளர் என்று உன் படத்தைப் போட்டது. இப்போதெல்லாம் படத்தில் இருப்பதையும் சொல்லாக எழுதி வைக்கிறார்களே, அவளுடைய போன் அதை வாசித்தது: "வெள்ளைச் சட்டை அணிந்து புன்னகைக்கும் இளைஞர்." அவள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா சிரிக்கிறாராம் அப்பா" என்றாள். அந்த வேலையைக் காட்டித்தான் உனக்கு மெல்பேர்ண் கிளைக்கு இடமாற்றம் வந்தது. நீ அதை மறுத்து, இது இன்னாரின் வேலை என்று ஒரு சொல் சொன்னாயா?

நான் படித்தவன் இல்லை. களப்பில் இறால் பிடிக்கிறவன், ஞாயிறுகளில் கோயிலில் வேதாகம வாசகம் வாசிக்கிறவன். ஆனால் நூலெடுத்து வலை முடியத் தெரியும். வலையின் கண்ணை எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பவன் அதை முடிகிறவன். எது உள்ளே வரும், எது போய்விடும் என்பது மீனின் குற்றமல்ல. நீ ஒரு கதவைச் செய்கிறவனாக இருந்தால், யார் உள்ளே வருகிறார்கள் என்று எண்ணிப் பெருமைப்படாதே. யாரால் வர முடியவில்லை என்று போய்ப் பார். அவர்கள் உன்னிடம் வந்து முறையிடமாட்டார்கள். வரமுடியாதபடியால்தானே அவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

அடுத்த வருசம் ஜெசி உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதினாள். முதல் தரத்தை விட நல்ல பெறுபேறு. விண்ணப்பம் திறந்தது. அதே மாமரம், அதே கதிரை. இந்த முறை போன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசித்தது. தமிழில், கோயிலில் நான் வாசிப்பதை விடத் திருத்தமாக. அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டாள். அது வாசித்தது: "உங்கள் அடையாள அட்டை இலக்கம் தடைசெய்யப்பட்டுள்ளது. உங்கள் விண்ணப்பத்தை ஏற்க முடியாது." ஆள்மாறாட்டம் செய்தவர்களின் பட்டியலில் அவளைப் போட்டிருந்தார்கள். அவள் விரலால் மறுபடியும் தொட்டாள், அது மறுபடியும் வாசித்தது. "நல்ல வடிவா வாசிக்குது, என்ன அப்பா?" என்றாள். திருத்தச் சொல்லிப் பாடுபட்டவள் அவள். திருந்திய தளம் அவளுக்குத் தெளிவாகச் சொன்ன முதல் செய்தி அது.

அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக உன்னிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டாள். படத்தை மாற்றச் சொன்னது நீதான் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதித் தா, தடையை எடுத்துவிடுவார்கள் என்றாள். "இப்ப என்ர விசா நேரம் ஜெசி. இதில தலையைக் குடுத்தால் எல்லாம் குழம்பும். நான் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்த வருசம் பாப்பம்" என்றாய். அவள் சரி என்றாள். போனை மடியில் வைத்துவிட்டு, பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் களப்புக்குப் போகவில்லை. வேட்டியை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். அதே அலுவலர்தான் இருந்தார், என்னை ஞாபகம் இருந்தது. "ஐயா, அண்டைக்கு நீங்கள் போனில கதைச்ச பெடியன் என்ர மகன். இவளின்ர சொந்த அண்ணன். படத்தை மாத்தச் சொன்னதும் அவன்தான், நான் பக்கத்தில நிண்டு கேட்டனான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல?" "பிள்ளை விடேல்ல." "இதை எழுதித் தந்தால் உங்கட மகனுக்குப் பிரச்சினை வரும். விளங்குதோ?" "விளங்குது. எழுதுங்கோ" என்றேன். அவர் எழுதினார், நான் கையெழுத்து வைத்தேன். நான் வெளியே வரும்போது அவர், "பெத்த தகப்பன் மகன்ர தலையில பொய்யாப் பழி போடமாட்டான்" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். நான் சொன்னதை அவர் நம்பியது என் நேர்மைக்காக அல்ல. எந்தத் தகப்பனும் செய்யாத காரியம் என்பதால்தான்.

வீட்டுக்கு வந்து ஜெசியிடம் சொன்னேன். துள்ளுவாள் என்று நினைத்தேன். அவள், "அப்பா, நீங்கள் இதை எனக்காகச் செய்தனீங்களோ, அண்ணாவுக்கு எதிராகச் செய்தனீங்களோ?" என்று கேட்டாள். நான் வலையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டேன். உனக்குச் சொல்கிறேன்: இரண்டும்தான். உன் பெயரைச் சொன்னபோது என் நெஞ்சில் ஒரு ருசி வந்தது. கசப்பென்று சொன்னால் பொய். உன் பயணம் நின்றது என்று அம்மா அழுதபோது அந்த ருசி போய்விட்டது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை.

தடையை எடுத்துவிட்டார்கள். அவள் தன் சொந்த முகத்தோடு ஒரு படத்தைப் போட்டாள், தளம் ஏற்றுக்கொண்டது. போன கிழமை பரீட்சை எழுதினாள். பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுக்க ஓர் ஆசிரியை வந்திருந்தா. முடிவு இன்னும் வரவில்லை. எடுபடலாம், எடுபடாமலும் போகலாம். எடுபடாவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலப் புள்ளி போதாமல் எடுபடாமல் போகட்டும். அதற்கு நான் அழமாட்டேன்.

வேலை இன்னும் இருக்கிறதாம், பயணம் மட்டும்தான் இல்லை என்று அம்மா சொன்னாள். அப்படியென்றால் உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நீயும் என்னிடம் கேட்க வேண்டாம். கேட்க வேண்டிய இடம் உனக்குத் தெரியும். வருவதென்றால் வா. அறிவித்துவிட்டு வரத் தேவையில்லை. ஆனால் ஒன்று: வீட்டில் இப்போது ஒரு நாய் நிற்கிறது, பொல்லாதது, உன்னைத் தெரியாது. நானும் அம்மாவும் காலையில் வீட்டில் இருக்கமாட்டோம், ஜெசி மட்டும்தான் இருப்பாள். படலைக்கு வெளியே நின்று நீ யார் என்று சத்தமாகச் சொல்லு. அவள் வந்து நாயைப் பிடிப்பாள்.

அப்பா